ஃப்ளைட் சிமுலேட்டரில் தரையில் ஓட்டினால் விமானம் கோணிக்கொண்டு போகிறது, இறக்கினால் துள்ளுகிறது. சரியாகப் பழகுவது எப்படி?

பெரிய ஜெட் விமானத்தில் தொடங்கியிருந்தால் அதை இப்போதைக்கு விட்டுவிட்டு செஸ்னா 172-ஐ எடுங்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன், இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியர் மூன்றிலும் ஏதோ ஒரு வடிவில் அது இருக்கிறது. ஒற்றை எஞ்சின், மடங்காத சக்கரம், இறங்கும் வேகம் 65 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர்). ஒரு போயிங் 737 அதே இடத்தில் 140 நாட் அளவில் வரும். யோசிக்கக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் குறைவு.

கீழே தரும் எண்கள் 172எஸ் ரகத்துக்கானவை. ஃப்ளைட்கியரில் வரும் 172பி-க்கும் கிட்டத்தட்ட இவைதான். அதில் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உண்டு என்பதால், எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்து இறங்கும்போது, உள்ளே பனி உறையாமலிருக்க கார்புரேட்டர் ஹீட்டை இழுத்துவிட வேண்டும், அவ்வளவே.

காற்றில்லாத தெளிவான வானிலை, பகல் நேரம், நீளமான ஓடுபாதை, கடல் மட்டத்தை ஒட்டிய விமான நிலையம் என்று தேர்ந்தெடுங்கள். சென்னையின் 07–25 ஓடுபாதை 3.6 கிலோமீட்டர் நீளம். செஸ்னாவுக்கு அதில் கால்வாசி கூடத் தேவைப்படாது. மூக்கை இடம் வலம் திருப்பும் வால் துடுப்பான ரட்டருக்குப் பெடலோ முறுக்கும் ஜாய்ஸ்டிக்கோ வைத்திருந்தால் ஆட்டோ ரட்டர் உதவியை அணைத்துவிடுங்கள். நீங்கள் ஒரு பக்கம் மிதிக்க, அது வேறு பக்கம் திருத்தினால் கால் எதையும் கற்காது. விசைப்பலகை மட்டும்தான் என்றால் அந்த உதவி இருக்கட்டும். ஜாய்ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாக இருக்கும்படி சென்சிட்டிவிட்டியைக் குறையுங்கள். படம் திக்கித் திக்கி ஓடினால் கிராஃபிக்ஸையும் குறையுங்கள். உங்கள் கை அசைவு திரையில் தாமதமாகத் தெரிந்தால் தரைக்கு அருகே ஒவ்வொரு திருத்தமும் அளவுக்கு மீறியே போகும்.

இனி டாக்ஸி, அதாவது தரையில் ஓட்டுவது. கோணிக்கொண்டு போவதற்கு முதல் காரணம் கார் ஓட்டும் பழக்கம். கையில் பிடிக்கும் யோக்கை (ஜாய்ஸ்டிக்கும் இதே வேலைதான்) கார் ஸ்டீயரிங் போலத் திருப்பினால், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடான ஏலரான்தான் அசையும், சக்கரம் திரும்பாது. மூக்குச் சக்கரம் ரட்டர் பெடலோடு இணைந்தது, பெடலால் இருபக்கமும் ஏறத்தாழ 10 டிகிரி திரும்பும். இன்னும் கூர்மையாகத் திரும்ப, அந்தப் பக்கத்துப் பிரேக்கை மட்டும் லேசாக அழுத்த வேண்டும், 30 டிகிரி வரை வரும். மைக்ரோசாஃப்ட், ஃப்ளைட்கியர் இரண்டிலும் விசைப்பலகையில் நம்பர்பேடின் 0 இடது ரட்டர், என்டர் வலது ரட்டர். ஃப்ளைட்கியரில் காற்புள்ளி இடது பிரேக், முற்றுப்புள்ளி வலது பிரேக். எதையும் அழுத்திப் பிடிக்காமல் தட்டித் தட்டி விடுங்கள். விமானம் திரும்பத் தொடங்கியதும் பெடலை நடுவுக்குக் கொண்டுவந்தாலும் அது இன்னும் கொஞ்சம் திரும்பும். எதிர்ப்பக்கம் ஒரு சிறு தொடுதலால்தான் நிற்கும். இந்தத் தாமதத்தை அறியாமல் பெரிதாக மிதித்தால் பாம்பு போல வளைந்துதான் போகும்.

இரண்டாவது காரணம் வேகம். நகரத் தொடங்க 1,200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றுகள்) வரை கொடுத்து, நகர்ந்ததும் 1,000-க்குக் குறையுங்கள். திரையில் பக்கவாட்டுப் பார்வை இல்லாததால் 25 நாட் கூட ஊர்வது போலத் தெரியும். அதனால் கண்ணை நம்பாமல் கிரவுண்ட் ஸ்பீடை (தரையைப் பொறுத்த வேகம்) பாருங்கள். நேரான இடத்தில் 10 நாட், திருப்பத்தில் 5. வேகம் கூடினால் முதலில் த்ராட்டில், பிறகுதான் பிரேக். பார்வை மூக்குக்கு அடியில் நிற்காமல் மஞ்சள் கோட்டில் ஐம்பது மீட்டர் முன்னே போகட்டும்.

பலகைகளைப் படிக்கப் பழகுங்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து நீங்கள் இருக்கும் டாக்ஸிவே, அதாவது ஓடுபாதைக்குப் போய்வரும் வழி. மஞ்சளில் கறுப்பு எழுத்து வழிகாட்டி. சிவப்பில் வெள்ளை எண் என்றால் எதிரே ஓடுபாதை. அங்கே தரையில் இரண்டு முழுக்கோடும் இரண்டு விட்டு விட்டு வரைந்த கோடும் இருக்கும். முழுக்கோட்டின் பக்கமிருந்து வருபவர் அனுமதி இல்லாமல் தாண்டக் கூடாது.

டாக்ஸி, டேக்-ஆஃப், லேண்டிங் மூன்றில் டேக்-ஆஃப்தான் எளிது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) 0 அல்லது 10 டிகிரி, ட்ரிம் (யோக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லாமல் செய்யும் சக்கரம்) டேக்-ஆஃப் குறியில், மிக்ஸ்சர் (எரிபொருள்–காற்றுக் கலவைப் பிடி) முழு ரிச், அதாவது எரிபொருள் அதிகபட்சம். நடுக்கோட்டில் நின்று ஓடுபாதை எண்ணும் திசை காட்டும் ஹெடிங் கருவியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். 07 என்றால் ஏறத்தாழ 70 டிகிரி. த்ராட்டிலை மூன்று நான்கு வினாடி எடுத்துக்கொண்டு முழுதாகத் திறங்கள். உடனே மூக்கு இடப்பக்கம் இழுக்கும். பலர் இதை ஜாய்ஸ்டிக் கோளாறு என்று நினைக்கிறார்கள். விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் கடிகார திசையில் சுழல்கிறது. அது பின்னே தள்ளும் காற்று உடலைச் சுற்றிவந்து வால் துடுப்பை இடப்புறமிருந்து அடிக்க, வால் வலப்பக்கமும் மூக்கு இடப்பக்கமும் போகின்றன. எஞ்சினின் முறுக்கு இடது சக்கரத்தையும் தரையோடு அழுத்துகிறது. த்ராட்டிலோடு சேர்ந்தே வலது ரட்டரும் போக வேண்டும். 55 நாட்டில் யோக்கை மெல்லப் பின்னுக்கு இழுத்து, மூக்கை அடிவானத்துக்கு மேல் 7 முதல் 10 டிகிரியில் நிறுத்துங்கள். தரையை விட்டதும் 74 நாட்டில் ஏறட்டும். வேகம் அதற்குக் கீழே போனால் மூக்கைச் சற்றுத் தாழ்த்துங்கள். ஸ்டால் (இறக்கை தூக்கும் விசையை இழப்பது) எச்சரிக்கை கத்தினால் இன்னும் இழுப்பது தவறு, தளர்த்துவதே சரி.

எழும்பியதும் திரும்பி வந்து இறங்க அவசரப்படாதீர்கள். 3,000 அடிக்குப் போய் அரை மணி நேரம் ட்ரிம் பழகுங்கள். லேண்டிங் வராத பெரும்பாலோருக்கு உண்மையில் வராதது இதுதான். மூக்கை வேண்டிய இடத்தில் யோக்கால் பிடித்து, வேகம் நிலைத்த பிறகு, கையில் தெரியும் அழுத்தம் மறையும்வரை ட்ரிம் சக்கரத்தை நகர்த்த வேண்டும். ட்ரிம்மாலேயே விமானத்தை ஏற்றி இறக்க முயன்றால் அலை போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு 1,500 ஆர்பிஎம், ஃபிளாப் 10, 20, 30 என்று ஒவ்வொன்றாக இறக்கி, 65 நாட்டில் ட்ரிம் செய்து, விமானம் தானாகவே ஒரே சீராக இறங்குவதைப் பாருங்கள். ஃபிளாப் 10-ஐ 110 நாட்டுக்குக் கீழும், 20, 30-ஐ 85-க்குக் கீழும் மட்டுமே இறக்கலாம். மைக்ரோசாஃப்டில் எஃப்7 ஒரு படி இறக்கும், எஃப்6 ஏற்றும். ஃப்ளைட்கியரில் சதுர அடைப்புக்குறி விசைகள்.

இப்போது லேண்டிங். துள்ளலுக்குக் காரணம் பெரும்பாலும் ஓடுபாதைக்கு இரண்டு மைல் முன்பே தொடங்கிவிடுகிறது. ஓடுபாதைக்கு இணையாக, தரையிலிருந்து 1,000 அடி உயரத்தில், 90 நாட்டில் எதிர்த்திசையில் பறங்கள். இறக்கையைத் தாங்கும் சாய்ந்த கம்பியின் நடுவில் ஓடுபாதை தெரிந்தால் தூரம் சரி. ஓடுபாதையின் தொடக்கம் உங்களுக்கு நேர் பக்கவாட்டில் வரும்போது 1,500 ஆர்பிஎம், ஃபிளாப் 10. அது தோளுக்குப் பின்னால் 45 டிகிரியில் போனதும் திரும்பி ஃபிளாப் 20, 70 நாட். மறுபடி திரும்பி ஓடுபாதைக்கு நேராக வந்ததும் ஃபிளாப் 30, 65 நாட். திருப்பத்தில் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் ரட்டரால் மூக்கை வெடுக்கென்று இழுக்காதீர்கள். குறைந்த வேகத்தில் அப்படிச் செய்வது ஸ்பின்னுக்கு, அதாவது கட்டுப்பாடிழந்து சுழன்று விழுவதற்கு வழி.

இந்தக் கடைசி நேர்கோட்டில் வேகத்தை மூக்கு பார்த்துக்கொள்ளும், உயரத்தை த்ராட்டில் பார்த்துக்கொள்ளும். தாழ்ந்துவிட்டால் மூக்கைத் தூக்கத்தான் எல்லாருடைய கையும் போகிறது. அப்படித் தூக்கினால் வேகம் விழும், இழுவை கூடும், இன்னும் வேகமாகத் தாழும். த்ராட்டிலை 100, 200 ஆர்பிஎம் கூட்டுவதே தீர்வு. ஓடுபாதையோரம் இறங்கும் சரிவைக் காட்டும் நான்கு பாப்பி விளக்குகள் இருந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு சரியான 3 டிகிரிச் சரிவு. நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்வு, நான்கும் வெள்ளையானால் மிக உயரம். 65 நாட்டில் இந்தச் சரிவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 345 அடி இறக்கம் வரும். விளக்கு இல்லையென்றால் கண்ணாடியில் மேலும் கீழும் நகராமல் பெரிதாகிக்கொண்டே வரும் புள்ளியைத் தேடுங்கள். நீங்கள் போய்ச் சேரப்போவது அங்கேதான்.

65-க்குப் பதில் 75 நாட்டில் வந்தால் என்ன என்று தோன்றும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, எனவே அந்த 10 நாட் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல். அது தீரும்வரை விமானம் தரையில் அமராது, மிதந்துகொண்டே போகும். அமர்த்தியே தீருவேன் என்று அழுத்தினால் மூக்குச் சக்கரம் முதலில் மோதி எகிறும்.

தரைக்கு 15 அடி இருக்கும்போது, அதாவது ஓடுபாதை சட்டென இருபுறமும் விரிவது போலத் தெரியும்போது, த்ராட்டிலை மூடி, பார்வையை ஓடுபாதையின் மறுகோடிக்கு மாற்றுங்கள். இருக்கையில் எதையும் உணர முடியாத சிமுலேட்டரில் உயரத்தைச் சொல்வது அந்தப் பார்வை ஒன்றே. முதலில் விமானத்தை மட்டமாக்குங்கள். பிறகு அது தாழ விரும்பும் ஒவ்வொரு முறையும் இன்னும் ஒரு துளி இழுங்கள். தரையில் வைக்க முயலாமல், வைக்காமலே இருக்க முயலுங்கள். வேகம் தீர்ந்து பின்சக்கரங்கள் தாமாக அமரும். அமர்ந்த பிறகும் யோக்கை விட்டுவிடாதீர்கள், மூக்கு மெல்ல இறங்கட்டும்.

துள்ளிவிட்டால் யோக்கை முன்னுக்குத் தள்ளவே கூடாது. தள்ளினால் இரண்டாவது துள்ளல் பெரிதாகும், மூன்றாவதில் மூக்குச் சக்கரம் உடையும். சிறு துள்ளலென்றால் மூக்கை அப்படியே பிடித்து, கொஞ்சம் த்ராட்டில் கொடுத்து மறுபடி அமர விடுங்கள். பெரிதென்றால் முழு த்ராட்டில், உடனே ஃபிளாப் 20, 60 நாட்டில் ஏற்றம், பிறகு 10, பிறகு 0. ஃபிளாப்பை ஒரேயடியாக மடக்கினால் விமானம் அமிழ்ந்துவிடும். இறங்காமல் மறுபடி எழும்பிப் போகும் இந்த கோ-அரவுண்டைத் தனியாகவே பத்து முறை பழகுவது நல்லது. ஃப்ளைட்கியரில் விமானத்தை நேராக வானில், ஓடுபாதைக்கு முன்னே வேண்டிய தூரத்தில் வைக்க முடியும் என்பதால் ஒரு மணி நேரத்தில் எத்தனையோ முறை பழகலாம்.

மைக்ரோசாஃப்ட் 2020 பதிப்பின் பயிற்சிப் பாடங்கள் அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள செடோனாவில் நடக்கின்றன. அங்கே தடுமாறினால் மனம் தளராதீர்கள். அது 4,800 அடிக்கு மேல், தட்டையான ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது. காற்று மெலிந்ததால் எஞ்சின் பலம் குறையும், மிக்ஸ்சரைக் குறைத்து ஆர்பிஎம் உச்சம் தொடும் இடத்தில் வைக்க வேண்டும். ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது உயரமானியிலும் 1,000-ஐத் தேடக் கூடாது, 5,800-ஐ ஒட்டித் தேட வேண்டும்.

காற்றில்லாமல் தொடர்ந்து பத்து முறை நடுக்கோட்டில் இறங்க வந்துவிட்டால் பக்கக் காற்றை 5 நாட்டில் தொடங்குங்கள். 172எஸ்-இல் செய்து காட்டப்பட்ட அதிகபட்சப் பக்கக் காற்று 15 நாட். காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, எதிர் ரட்டரால் மூக்கை நேராக்கி, அந்தப் பக்கத்துச் சக்கரத்தை முதலில் தொடவிடுங்கள். தொட்ட பிறகு வேகம் குறையக் குறைய ஏலரானைக் காற்றுப் பக்கம் இன்னும் கூடுதலாகத் திருப்ப வேண்டும். இல்லையென்றால் தரையில் ஓடும்போதே காற்று இறக்கைக்கு அடியில் புகுந்து தூக்கிவிடும்.