மோட்டார் எரிந்துவிட்டது என்பதற்குச் சான்று எங்கே?

கேள்வி: டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, பை இல்லாத 1,800 வாட் வேக்குவம் கிளீனர் சில வாரங்களாகச் சரியாக இழுக்கவில்லை. முன்னறைச் சுவருக்குப் பூச்சுவேலை நடந்தபின் தரையைத் துப்புரவு செய்தபோது அதன் சத்தம் கீச்சென்று உயர்ந்து, கருகிய வாடை வந்து, நின்றுவிட்டது. மறுநாள் காலை ஐந்து நிமிடம் ஓடி மீண்டும் நின்றது. பழுதுபார்க்க வாங்கிச் சென்ற கடைக்காரர், மோட்டார் எரிந்துவிட்டது, மாற்றுவதற்கு 1,650 ராண்ட் ஆகும், வேண்டாம் என்றால் பரிசோதனைக் கட்டணமாக 350 ராண்ட் தந்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். புதியது 2,200 ராண்டுக்குக் கிடைக்கிறது. இதற்கிடையே ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர், பழையதை எடுத்துக்கொண்டு விலையுயர்ந்த இயந்திரம் தருவதாகச் சொல்லி, என் மருமகளிடம் கையெழுத்தும் 500 ராண்ட் முன்பணமும் வாங்கிச் சென்றிருக்கிறார். இயந்திரம் இன்னும் வரவில்லை. நான் பழையதைச் சரிசெய்வதா, புதியது வாங்குவதா?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு வேண்டிய விடையை உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். மறுநாள் காலையில் ஐந்து நிமிடம் ஓடிய மோட்டார், முதல் நாள் மாலையில் எரிந்துபோன மோட்டாராக இருக்க முடியாது. காயில் என்னும் கம்பிச் சுருள் கருகிய மோட்டார் இரவெல்லாம் ஓய்ந்து கிடந்தாலும் எழுந்து ஓடுவதில்லை. உங்கள் இயந்திரத்தில் நடந்தது வேறு. மோட்டாரைக் குளிர்விப்பதற்கென்று அதற்குள் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. உறிஞ்சப்படும் காற்றே தூசித் தொட்டியையும் ஃபில்டரையும் கடந்து, மோட்டாரைத் தழுவிக்கொண்டு வெளியேறுகிறது. எங்கேனும் அடைப்பு ஏற்பட்டால் காற்று வராது, காற்று வராவிட்டால் மோட்டார் சூடேறும், சூடு அளவு மீறியதும் உள்ளே இருக்கும் வெப்பத் துண்டிப்பான் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆறிய பிறகு அது தானாகவே மீண்டும் இணைத்துவிடும். அடைப்பு அப்படியே இருந்ததால்தான் மறுநாளும் ஐந்து நிமிடத்தில் நின்றது.

சத்தம் உயர்ந்ததும் இதற்கே சாட்சி. இயந்திரம் திணறினால் குரல் தாழ வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் தள்ளுவதற்குக் காற்று இல்லாதபோது உள்ளே சுழலும் விசிறிக்குச் சுமை குறைகிறது, சுமை குறைந்தால் வேகம் கூடுகிறது, வேகம் கூடினால் கீச்சென்ற ஒலி வருகிறது. உங்கள் வீட்டு வேக்குவம் கிளீனரின் குரல் இனி எப்போது மெலிந்து உயர்ந்தாலும் முதலில் நிறுத்துங்கள், பிறகு ஃபில்டரைப் பாருங்கள்.

பூச்சுவேலைத் தூசிதான் குற்றவாளி என்று நினைக்கிறேன். வீட்டு வேக்குவம் கிளீனரால் சிமெண்டுத் தூளையும், ஜிப்சம் தூளையும், சுவரைத் தேய்த்த மாவையும் உறிஞ்சக் கூடாது. நம் வீடுகளில் சாமி அறையில் சிந்தும் விபூதிக்கும், சாம்பிராணிச் சாம்பலுக்கும், அடுப்புக்கரிச் சாம்பலுக்கும் இதே விதிதான். இவ்வளவு நுண்ணிய தூள் ஃபில்டரின் மடிப்புகளில் அப்பிக்கொண்டு, வெளிப்பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும், ஓர் ஓட்டையைக்கூட விட்டுவைக்காது. கனல் மிச்சமுள்ள சாம்பல் என்றால் தொட்டிக்குள் தீயே பற்றும்.

இயந்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டதும் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு, தொட்டியைக் காலிசெய்து, மோட்டாருக்கு முன்னால் உள்ள ஃபில்டரைக் கழற்றி, முற்றத்தில் உலர்ந்த நிலையிலேயே நன்றாகத் தட்டுங்கள். சிமெண்டுத் தூள் படிந்த ஃபில்டரைத் தட்டாமல் நேராகத் தண்ணீரில் போட்டால் அது உள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும். நான் பார்த்த ஃபில்டர்களில் பாதி இப்படித்தான் கெட்டிருக்கின்றன. தட்டிய பிறகு, கழுவலாம் என்று கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும், சோப்பு இல்லாமல் குளிர்ந்த நீரில் அலசி, முழுமையாக உலரவிடுங்கள். கையேடுகள் 24 மணி நேரம் என்று எழுதுகின்றன. டர்பனின் கோடைப் புழுக்கத்தில் அது போதாது, இரண்டு முழு நாள்கள் விடுங்கள். ஈர ஃபில்டரை மாட்டி ஓட்டினால் மோட்டாருக்குள் ஈரம் போகும், ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் தூசியே போகும். இரண்டையும் செய்யாதீர்கள். பூச்சுத்தூள் ஊறிய ஃபில்டர் தேறவில்லை என்றால் புதியது வாங்கிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அடுத்து, குழாயைக் கழற்றிவிட்டு இயந்திரத்தை ஓட்டி, அதன் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக இழுத்தால் அடைப்பு குழாயில் இருக்கிறது என்று பொருள். அப்போது ஒரு நாணயத்தைக் குழாயின் ஒரு முனையில் போடுங்கள்; அது மறுமுனையில் வந்து விழாவிட்டால் ஹேர்பின்னோ, காலுறையோ, பேரக் குழந்தையின் பொம்மைத் துண்டோ உள்ளே குறுக்கே நிற்கிறது. கருகிய வாடை எங்கிருந்து வருகிறது என்பதையும் முகர்ந்து பாருங்கள். 1,800 வாட் இயந்திரம் நம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த சாக்கெட்டும், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய மலிவு அடாப்டர்களும் அந்தச் சுமையில் உருகுவது உண்டு. வாடை பிளக்கிலிருந்து வந்தால் வேக்குவம் கிளீனரைக் குறை சொல்லாமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஓடாவிட்டால், உண்மையில் மோட்டார் பக்கம் கோளாறு இருக்கலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது கார்பன் பிரஷ். மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் இரண்டு சிறு கரித்துண்டுகள் அவை. பென்சில் முனையைப் போல உரசி உரசித் தேய்பவை, மாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை. அவை தேய்ந்துபோனாலும் இயந்திரம் நின்று நின்று ஓடும், பொறி பறக்கும், வாடை வரும். அவற்றை மாற்ற மோட்டார் விலையில் சிறு பங்கே ஆகும். பிரஷ் மாற்றுவது என்றால் செய்துகொள்ளுங்கள். 2,200 ராண்டுக்குப் புதியது கிடைக்கும்போது 1,650 ராண்ட் கொடுத்து மோட்டார் மாற்றுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்போது அந்தக் கடைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ‘மோட்டார் எரிந்துவிட்டது’ என்ற தீர்ப்பு எவ்வளவு எளிதாக எழுதப்படுகிறது என்பதை அருகிலிருந்தே பார்த்திருக்கிறேன். பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு இயந்திரங்களைச் சேகரிக்கும் பலருக்குத் திருப்புளி பிடிக்கவும் தெரியாது. அவர்கள் வாங்கி, வேறொரு பட்டறைக்கு அனுப்பி, இடையில் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பட்டறைக்கும் ஃபில்டரைத் தட்டிக் கொடுப்பதில் காசு இல்லை. எனவே ஃபில்டரைத் தட்டி ஓடவைத்துவிட்டு, மோட்டார் மாற்றியதாகப் பில் போடுகிறார்கள். முன்பு எதற்கெடுத்தாலும் லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டின் மீது பழி போட்டார்கள். மின்சாரம் திரும்பி வந்த அதிர்ச்சியில் போய்விட்டது என்றால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

நீங்கள் கேள்வி கேட்கலாம், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 15ஆம் பிரிவு: மதிப்பீடு தயாரிப்பதற்கோ, பழுதைக் கண்டறியப் பிரித்துப் பார்ப்பதற்கோ கட்டணம் உண்டு என்றால், அந்தத் தொகையை முன்கூட்டியே சொல்லி உங்கள் ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். அவர் இயந்திரத்தை வாங்கிச் சென்றபோது 350 ராண்ட் பற்றிச் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் நீங்கள் ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. சொல்லி, நீங்கள் சரி என்றிருந்தால் கொடுத்துவிட்டு இயந்திரத்தை மீட்டுக்கொள்ளுங்கள், அதன்மேல் வாதாட வேண்டாம். அதே சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்பவர் கழற்றிய பாகங்களை மற்றவர்களுடைய பாகங்களோடு கலக்காமல் தனியே வைத்திருந்து, சுத்தமான பொதியில் உங்களிடம் திருப்பித் தர வேண்டும். ஆகவே எவரிடம் வேலை கொடுத்தாலும் முதல் வார்த்தையாக, “பழைய மோட்டாரை எனக்குத் தர வேண்டும்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எரிந்த மோட்டார்கள் பல உயிர் பிழைத்துவிடுகின்றன. புதிதாகவோ புதுப்பித்தோ போட்ட பாகத்துக்கும் அதைப் பொருத்திய வேலைக்கும் 57ஆம் பிரிவின்படி மூன்று மாத உத்தரவாதம் உண்டு. ‘பழுதுபார்த்த பொருளுக்குப் பொறுப்பில்லை’ என்று சுவரில் ஒட்டியிருக்கும் அட்டை அதைப் பறித்துவிடாது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியின் விஷயத்துக்கு இன்றே செயல்பட வேண்டும். நேரில் வந்து விற்பவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் முன்சம்மதம் இல்லாமல் வீட்டுக்கு வரவே கூடாது என்பது இந்நாட்டு விதி. அதைவிட முக்கியமானது 16ஆம் பிரிவு. இப்படி வீடு தேடி வந்து விற்றதை, காரணம் எதுவும் சொல்லாமலும் தண்டம் கட்டாமலும், ஐந்து வேலைநாள்களுக்குள் ரத்துச் செய்யலாம். ஒப்பந்த நாள், பொருள் வந்து சேர்ந்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கும் என்பதால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. ஆனாலும் காத்திருக்க வேண்டாம். கையெழுத்திட்டவர் உங்கள் மருமகள் என்பதால் அவர் பெயரிலேயே எழுத்தில், அல்லது பதிவாக நிற்கும் வேறு வழியில், ரத்துச் செய்தியை அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசியில் வாய்மொழியாகச் சொன்னால் பிறகு எவரும் கேட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அறிவிப்புக் கிடைத்த 15 வேலைநாள்களுக்குள் முன்பணம் திரும்ப வர வேண்டும். அதற்குள் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் வாங்கி வைக்கவும் வேண்டாம், பெட்டியைப் பிரிக்கவும் வேண்டாம். அவர் உங்கள் மெத்தையை உறிஞ்சி, கருந்துணியில் தூசியைக் காட்டி மருமகளை அதிரவைத்திருப்பார். எந்த மெத்தையிலிருந்தும் எந்த வேக்குவம் கிளீனரும் அவ்வளவு தூசியை எடுக்கும், பழுதடைந்த உங்களுடையதும் ஃபில்டரைச் சுத்தம் செய்த பிறகு எடுக்கும்.

புதியதுதான் வாங்க வேண்டி வந்தால் வாட் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது இயந்திரம் தின்னும் மின்சாரத்தின் அளவேயன்றி இழுவிசையின் அளவு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து 900 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டு வேக்குவம் கிளீனர்களை விற்பனைக்கு விடுவதில்லை, அங்கே தரைகள் சுத்தமாகத்தான் இருக்கின்றன. வாங்கும் முன் அந்த மாதிரிக்கு ஃபில்டர் தனியே கிடைக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

வாங்கிய முதல் ஆறு மாதங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். குறைபாடுள்ள பொருளை ஆறு மாதங்களுக்குள் விற்றவரிடமே, அவர் செலவில், திருப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்கு. பழுதுபார்த்துத் தந்தது மூன்று மாதங்களுக்குள் சரிவராவிட்டால் மாற்றித் தரவோ பணம் தரவோ வேண்டியது கடைக்காரர் கடமை. ஆனால் கடையை விட்டு வந்தபின் பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் அந்த மாற்றத்தின் அளவுக்கு இந்த உரிமை நிற்காது. இது எந்த அளவுக்குப் போகும் என்றால், பக்கத்து வீட்டுத் தம்பி நல்லெண்ணத்தோடு ஒரு திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டியிருந்தாலும், திருகாணித் தலையில் விழுந்த கீறலைக் காட்டி, ‘நீங்கள் திறந்திருக்கிறீர்கள்’ என்று கடைக்காரர் கையை விரிப்பார். அந்தக் கீறலுக்கும் கோளாறுக்கும் தொடர்பே இல்லை என்று நிறுவுவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஃபில்டரைக் கழற்றுவதும், குழாயைக் கழற்றுவதும், தூரிகை உருளையில் சுற்றிய முடியை வெட்டுவதும் மாற்றியமைத்தல் ஆகாது. அவை கையேடே சொல்லும் பராமரிப்பு. திருப்புளி வேண்டிய எதுவும் அந்த ஆறு மாதங்களில் வீட்டில் நடக்கக் கூடாது. தம்பி மனம் வருந்தினாலும் பரவாயில்லை.

இந்தச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெரிய கடைகளின் ரசீதில் ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று கூச்சமில்லாமல் அச்சிடுகிறார்கள். கவுண்டரில் நிற்கும் பிள்ளைக்குச் சட்டமும் தெரியாது, அதிகாரமும் கிடையாது. தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்பார், தலைமை அலுவலகம் கிளையைப் பார்க்கச் சொல்லும். நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆனால் முதலில் கடைக்கு எழுதிய கடிதத்தின் நகலும் ரசீதும் கையில் இல்லாமல் போனால் அந்தக் கோப்பு நகராது. எல்லாம் இருந்தாலும் மெதுவாகத்தான் நகரும். 350 ராண்டுக்காக இவ்வளவு அலைவார்களா என்பதுதான் கடைக்காரர்களின் கணக்கு.

நாளை காலை கடைக்குப் போகும்போது பேரனையோ மகனையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். இயந்திரத்தை எடுத்துக்கொள்வதற்கு முன், கடைக்காரரிடம், உங்கள் முன்னிலையிலேயே தொட்டியையும் ஃபில்டரையும் கழற்றிவிட்டு இரண்டே நொடி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நான் ஃபில்டர் இல்லாமல் ஓட்ட வேண்டாம் என்றது வீட்டில் தூசி இழுக்கும் வேலைக்கு. இந்த இரண்டு நொடியால் கெடுதல் இல்லை. மோட்டார் சுழன்றால் அவரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இருக்காது.