விவாதமின்றி நிறைவேறிய மானியக் கோரிக்கை செல்லுமா?

வணக்கம். மக்களவையில் விவாதமே நடக்காத ஓர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை (அதாவது, ஆண்டுச் செலவுக்காக அது அவையிடம் கேட்கும் தொகை) செல்லுமா, அதை மாநிலங்களவை தடுத்திருக்க முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். செல்லும். அவை விதிகளின்படி, விவாதத்துக்கு ஒதுக்கப்பட்ட கடைசி நாளில் குறித்த நேரம் வந்ததும், எஞ்சியுள்ள கோரிக்கைகள் அனைத்தையும் சபாநாயகர் உடனே வாக்கெடுப்புக்கு விட்டாக வேண்டும். 'கில்லட்டின்' என்று வழங்கும் இந்த முறையில் 2018-இலும் 2023-இலும் எல்லாக் கோரிக்கைகளுமே விவாதமின்றி நிறைவேறின. இதில் சட்டப் பிழை இல்லை. வழக்கமாகிவிடக் கூடாது என்பது மட்டும் என் கருத்து.

மாநிலங்களவைக்கு மானியக் கோரிக்கைகளில் வாக்குரிமையே கிடையாது. அரசியலமைப்பின் 113-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை மக்களவைக்கே தருகிறது. அதுவும் கேட்ட தொகையை ஏற்கவோ மறுக்கவோ குறைக்கவோதான், கூட்டுவதற்கு அல்ல. பின்னர், அந்தத் தொகைகளை அரசு நிதியிலிருந்து எடுக்க அனுமதிக்கும் நிதி ஒதுக்க மசோதா வரும். அது பண மசோதா (வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றியது) என்பதால், மாநிலங்களவை அதை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்; அதன் பரிந்துரைகளை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவையின் விருப்பம்.

ஆயினும், அந்த அமைச்சகத்தின் கணக்கை எவருமே ஆராயவில்லை என்று எண்ண வேண்டாம். 1993 முதல் இயங்கும் துறைசார் நிலைக்குழுக்களில் இரு அவைகளின் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். மானியக் கோரிக்கைகள் குறித்த அவர்களின் அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் அந்த அமைச்சகம் பற்றிய அறிக்கையைப் படித்துவிடுங்கள்.