சிறுத்துப்போன மலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் குடும்பத்துடன் ஒரு நீண்ட பயணம் போய்வந்தேன். மலை, அருவி, கோட்டை, புகழ்பெற்ற கட்டடங்கள் என்று செல்பேசியில் இடம் தீரும்வரை படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்றிலும் உயிர் இல்லை. வானத்தை அடைத்துக்கொண்டு நின்ற மலை, படத்தில் ஒரு சின்ன மேடுபோல இருக்கிறது. கட்டடங்களின் படங்களோ, இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக்கிடப்பவற்றின் மங்கலான நகல்கள். “கண்ணால் பார்க்காமல் கேமரா வழியாகவே பார்த்தால் எதுவும் மனதில் நிற்காது” என்கிறார் என் கணவர். பயணத்தில் படம் எடுப்பதை விட்டுவிடலாமா? அல்லது நல்ல கேமரா ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நான் மிகவும் ரசித்தது அந்தச் சிறுத்துப்போன மலையைத்தான். மற்றக் கேள்விகளுக்கும் விடை அதற்குள்ளேயே இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

மலைக்கு எதிரே நின்றபோது நீங்கள் மலையை மட்டுமே பார்த்தீர்கள். கீழே கிடந்த தார்ச்சாலை, ஓரத்தில் ஓடிய மின்கம்பி, மேலே வெறுமையாக இருந்த வானம் எல்லாம் அங்கேதான் இருந்தன. மனம் அவற்றை ஒதுக்கிவிட்டது. லென்ஸுக்கு ஒதுக்கத் தெரியாது. செல்பேசியின் முதன்மை லென்ஸே அகலக்கோண வகையைச் சேர்ந்தது. மூலைக்கு மூலை ஏறத்தாழ 80 டிகிரி அகலக் காட்சியை அள்ளி உள்ளங்கையளவு திரையில் வைக்கிறது. இது போதாதென்று, மலை முழுதாக அடங்க வேண்டும் என்ற ஆசையில் நாம் திரையில், காட்சியை இன்னும் அகலமாக்கும் 0.5 என்ற எண்ணைத் தொடுகிறோம். அங்கேதான் மலை செத்துப்போகிறது.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. 2 அல்லது 3 என்ற எண்ணைத் தொடுங்கள். சிகரத்தையும் அதன் ஒரு தோளையும் மட்டும் எடுங்கள்; அடிவாரம் வெளியே போனால் போகட்டும். ஏற்கெனவே எடுத்த படத்தையும் அப்படி வெட்டிப் பார்க்கலாம். முடிந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் போய் நின்று எடுங்கள். விந்தையாகத் தோன்றும், ஆனால் அருகில் உள்ளதற்கும் தொலைவில் உள்ளதற்கும் இடையிலான அளவு விகிதத்தை நாம் நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. ஒரு கோபுரத்துக்குப் பின்னால் மாபெரும் நிலா எழும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம்தான். 100 மீட்டர் உயரக் கோபுரம் அந்த நிலாவின் அளவுக்குச் சிறுக்க வேண்டுமானால், எடுப்பவர் சுமார் 11 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தப் படங்களை எடுப்பவர்கள் கோபுரத்தை விட்டு விலகி விலகிப் போனவர்கள். கடைசியில்தான், தொலைவில் உள்ளதைப் பெரிதாகக் காட்டும் டெலிலென்ஸை மாட்டினார்கள்.

ஆனால் மலை சிறிதாக இருப்பதே குற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1830களின் தொடக்கத்தில் ஃபூஜி மலையை முப்பத்தாறு காட்சிகளாக அச்சிடத் தொடங்கினார். வரவேற்பு கூடியதால் பிறகு பத்து சேர்ந்து 46 ஆயின. அவற்றில் உலகமே அறிந்த அந்தப் பேரலைப் படத்தில் ஃபூஜி அலையின் கீழே ஒரு சிறு முக்கோணம். இன்னொன்றில் ஒரு தொழிலாளி பிரம்மாண்டமான மரப்பீப்பாய்க்குள் நின்று இழைத்துக்கொண்டிருக்கிறார். பீப்பாயின் வட்டத்துக்குள்ளே, தொலைவில், நகத்தளவு ஃபூஜி. அதைப் பார்த்து மலை சிறுத்துவிட்டதே என்று யாரும் சொல்வதில்லை. அருகில் எதை வைப்பது என்பதை ஹொகுசாய் தேர்ந்தெடுத்தார். அந்தத் தேர்வு மலைக்கு இடம் கொடுத்தது. உங்கள் படத்தில் மலைக்கு முன்னால் வெறும் சாலைதான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். நாலடி நடந்திருந்தால் ஒரு பாறையோ வேலியோ, குனிந்து வேலை செய்யும் ஒருவரோ கிடைத்திருப்பார்கள்.

அதே ஃபூஜிதான் உங்கள் “நகல்” என்ற குறைக்கும் எடுத்துக்காட்டு. ஃபூஜிகவாகுச்சிகோ என்ற சிற்றூரில், ஒரு கடையின் கூரைக்கு மேலே மலை தெரியும் ஒரு கோணம் இணையத்தில் பரவியது. அந்த ஒரே கோணத்துக்காகச் சாலையை மறித்து நின்ற கூட்டம் பெருகிக்கொண்டே போக, 2024 மே மாதத்தில் ஊர் நிர்வாகம் அங்கே இரண்டரை மீட்டர் உயரத்தில் கறுப்புத் திரையையே கட்டிவிட்டது. சில மாதங்கள் கழித்துத்தான் அகற்றினார்கள். எந்தப் பக்கம் நின்றாலும் வேறொரு முகம் காட்டும் மலையை, ஒரு கூரைக்கு மேலே மட்டும் தேடியிருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே துக்கம் தருகிறது. அந்தச் சாலையில் நாள்தோறும் நடக்க வேண்டியவர்களை நினைத்தால் கோபமும் வருகிறது.

புகழ்பெற்ற கோணத்தில் ஒரு படம் எடுப்பதில் தவறே இல்லை. நானும் அங்கு போனேன் என்பது ஒரு நியாயமான மகிழ்ச்சி. அதை முதலில், விரைவாக எடுத்துமுடித்து வழிவிடுங்கள். பிறகு கட்டடத்தைச் சுற்றி நடங்கள். பெரும்பாலானோர் முன்வாசலோடு திரும்பிவிடுவதால் பின்பக்கம் உங்களுக்கே கிடைக்கும். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் பின்னால் விழுவதுபோல் உச்சியில் குவியும். செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து, உச்சி அடங்கும்வரை பின்னால் நகர்ந்து எடுங்கள். கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிழக்கு பார்த்த சுவரைப் பிற்பகலில் போய் எடுத்தால் அது நிழலில் சோர்ந்திருக்கும். செதுக்கு வேலைப்பாட்டுக்குப் பக்கவாட்டு ஒளி வேண்டும். நேராக முகத்தில் அடிக்கும் வெயில் ஆழத்தை அழித்துவிடும்.

கூட்டம் இல்லாமல் எடுக்க முடியவில்லை என்று பலர் வருந்துகிறார்கள், ஒருவேளை நீங்களும். 1838இல், ஒளிப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸின் பூலவார் து தாம்பிள் சாலையைப் படம் எடுத்தபோது, தகட்டில் பிம்பம் பதியச் சில நிமிடங்கள் பிடித்தது. நகர்ந்துகொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் பதியவே இல்லை. பரபரப்பான சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒருவர் மட்டும், காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்றதால், பதிந்துவிட்டார். இன்றும் முக்காலியில் கேமராவை வைத்து, லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் கருவடிகட்டி மாட்டி, நீண்ட நேரம் திறந்துவைத்தால் கூட்டம் அப்படியே கரைந்துவிடும். ஆனால் பாருங்கள், டாகேரின் அந்தப் படத்தில் இன்றும் நம் கண் தேடிப் போவது அந்த ஒற்றை மனிதரைத்தான். ஆகவே எல்லாரும் விலகும்வரை காத்திருக்காதீர்கள். படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் தூண் எவ்வளவு பெரியது என்பதும் தெரியும்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. லிண்டா ஹென்கெல் என்ற உளவியலாளர் ஓர் அருங்காட்சியகத்தில் நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. வெறுமனே பார்த்த பொருள்களைவிட, முழுதாகப் படம் எடுத்தவற்றை மாணவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை. படத்துக்குள் வராத பகுதிகளும்கூட நினைவில் நின்றன. எதை எடுப்பது என்று முடிவுசெய்ய உற்றுப் பார்த்தாக வேண்டும் அல்லவா? 2017இல் வேறு ஆய்வாளர்கள் கண்டது இன்னும் சுவையானது. எதைப் படம் எடுப்பது என்று தாங்களே தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவிருந்தது. காதால் கேட்டது குறைந்துபோனது. இதைக் கணவரிடம் காட்டுங்கள். அருவியின் அருகே மட்டும் அவர் சொல்வதைக் கேட்டு, செல்பேசியைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள்.

இனி கேமரா. இப்போது வாங்க வேண்டாம். அகலக்கோணம் தவிர வேறு லென்ஸும் உங்கள் செல்பேசியில் இருந்தால் மேலே சொன்ன அனைத்துக்கும் அதுவே போதும். இல்லாவிட்டால் அடுத்த முறை செல்பேசி மாற்றும்போது டெலிலென்ஸ் உள்ளதாகப் பாருங்கள். வாங்குவதென்றால் கைக்கடக்கமான முக்காலி ஒன்று வாங்குங்கள். சூரியன் மறைந்த பின் வானம் நீலமாகவும் விளக்குகள் மஞ்சளாகவும் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், கையில் பிடித்து எடுத்தால் படம் நடுங்கிவிடும். மீதிப் பணத்தில் அடுத்த பயணத்தில் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரே ஊரில் கூடுதலாக ஓர் இரவு தங்குங்கள். ஒரே இடத்தை மாலையிலும் மறுநாள் விடியலிலும் பார்க்க வேறு வழி எதுவும் எனக்குத் தெரியாது.

அன்புடன்