வெளியே கழியும் நாளில் பாடம் என்ன ஆகும்?

கேள்வி: என் மகள் படிக்கும் தனியார் உயர்நிலைப் பள்ளியில், அனுபவவழிக் கற்றல் என்று சொல்லி வாரத்தில் ஒரு நாள் மாணவர்களை வெளியே அழைத்துச் செல்கிறார்கள். இதனால் பாடம் பின்தங்காதா?

பதில்: உங்கள் கவலை நியாயமானதே. எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்பதை அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1938-லேயே வலியுறுத்தினார். 1984-இல் அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் விளக்கிய கற்றல் சுழற்சியில், ஒன்றைச் செய்து பார்ப்பது, அதைப் பற்றிச் சிந்திப்பது, அதிலிருந்து ஒரு கருத்தை உருவாக்குவது, அக்கருத்தைப் புதிய சூழலில் சோதிப்பது என நான்கு படிகள் உண்டு. பல பள்ளிகள் முதல் படியோடு நின்றுவிடுவதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. ஓடை நீரின் அமிலத்தன்மையை (pH அளவை) அளக்கப் போன மாணவி, '7 இருக்கும்' என்று முதலில் எழுதிய ஊகத்தை அடித்துவிட்டு, கருவி காட்டிய எண்ணைப் பக்கத்திலேயே குறித்துக்கொண்டு, இந்த வேறுபாடு ஏன் வந்தது என்று மறுநாள் வேதியியல் வகுப்பில் கேட்கிறாள் என்றால், அந்தப் பாடம் அவளுக்குள் வேரூன்றத் தொடங்கிவிட்டது. ஆகவே, திரும்பி வந்தபின் எழுதவும் விவாதிக்கவும் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள், எந்தப் பாடப் பகுதியோடு அதை இணைக்கிறார்கள், எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பள்ளியில் தயங்காமல் கேளுங்கள். மகளின் களக் குறிப்பேட்டையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். அதில் அடித்தல் திருத்தல்கள் இருந்தால் மகிழ்ச்சி அடையுங்கள்.