இரண்டு முழங்காலையும் ஒரே நாளில் மாற்றினால் உயிருக்கு ஆபத்தா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. இரண்டு மூட்டும் தேய்ந்துவிட்டன. சர்க்கரை உண்டு, 4 வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தோம். இரண்டு காலையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் இந்த ஆபரேஷன் முடிந்த 3-ஆம் நாள் இறந்துபோனார். பயமாக இருக்கிறது. செய்யலாமா?

பதில்: ஆபரேஷன் செய்யலாம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இரண்டையும் ஒரே நாளில் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கிலாந்து, வேல்ஸில் நடந்த சுமார் 4.67 லட்சம் முழங்கால் மாற்று சிகிச்சைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 45 நாட்களுக்குள் இறந்தவர்கள் 2003-இல் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 4 பேர். 2011-இல் 2 பேர். ஒரே நாளில் இரண்டு காலையும் மாற்றினால் ஆபத்து இதைவிடக் கூடும். அப்போதும் ஆயிரத்தில் ஒரு சிலர்தான். அந்தச் சிலரில் வயது முதிர்ந்தவர்களும், இதயமோ நுரையீரலோ சிறுநீரகமோ ஏற்கெனவே பழுதுபட்டவர்களும்தான் அதிகம்.

மூட்டை மாற்றும்போது பெரும்பாலும் தொடை எலும்புக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி அளவு பார்ப்பார்கள். அப்போது மஜ்ஜையிலுள்ள கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகும். ஒரு கால் என்றால் உடம்பு பொதுவாகச் சமாளித்துவிடும். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு காலிலிருந்தும் வந்தால், நுரையீரலுக்கு ரத்தம் தள்ளும் இதயத்தின் வலது பக்கம் திணறும். ரத்த இழப்பும் ஏறக்குறைய இரட்டிப்பு. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு இது பெரிய சுமை. அதனால்தான் முதல் கால் முடிந்ததும் ஆக்சிஜன் அளவோ ரத்த அழுத்தமோ சரியில்லை என்றால், இரண்டாவதைத் தொடாமல் நிறுத்துவார்கள்.

சரி, தனித்தனியாகச் செய்தால் இரண்டு முறை மயக்க மருந்து, இரண்டு முறை வலி, செலவு. உண்மைதான். இதயமும் நுரையீரலும் நன்றாக உள்ள 60 வயதுக்காரருக்கு ஒரே நாளில் செய்வது நியாயமான முடிவு. உங்கள் அம்மாவுக்கு அதிகம் வலிக்கும் காலை முதலில் மாற்றி, குறைந்தது 3 மாதம் கழித்து அடுத்ததைப் பாருங்கள். முதல் காலில் சிக்கல் வந்தால், மறு யோசனைக்கு இடம் இருக்கும்.

அதற்கு முன் இதய மருத்துவரிடம் காட்டி எக்கோ (இதய ஸ்கேன்) எடுங்கள். ஸ்டென்டுக்காகக் கொடுத்த, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. மூன்று மாத சராசரி சர்க்கரை, ஹீமோகுளோபின் இரண்டையும் சரிசெய்யுங்கள். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்.

அப்புறம், வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம். கெண்டைக்காலில் புதிதாக வீக்கம், வலி என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.