'பிட்டோலாடு' மேலாளரை ஆங்கிலத்தில் எப்படித் திட்டுவது?

கேள்வி: பிரேசில் ஊழியர் ஒருவரின் பேட்டியைப் போர்ச்சுகீசியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுகிறேன். தன் மேலாளரை 'முயின்து பிட்டோலாடு' என்கிறார். அகராதியைப் பார்த்து 'நேரோ மைண்டட்' என்று போட்டேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டார். ஏன்?

பதில்: அவர் அடித்தது சரிதான். ஆங்கிலத்தில் ஒருவரை 'நேரோ மைண்டட்' என்றால் மதம், சாதி, பிறர் வாழ்க்கைமுறை இவற்றில் சகிப்பு இல்லாதவர் என்ற வாடை வந்துவிடும். பாவம், அந்த மேலாளர் அப்படி என்ன செய்தார்? கையேட்டில் இல்லாத எதையும் யோசிக்க மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

'பிட்டோலா' என்றால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். நாம் மீட்டர் கேஜ் என்கிறோமே, அந்த கேஜ். பிரேசிலில் மீட்டர் கேஜும் உண்டு, 1,600 மி.மீ. அகலப் பாதையும் உண்டு. இதில் ஓடும் பெட்டி அதில் ஏறாது. மனிதருக்குச் சொன்னால், போட்ட தடத்தை விட்டு மூளை நகராதவர். நம்மூரில் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறார் என்போமே, கிட்டத்தட்ட அந்த ஆள்.

தண்டவாளம் என்றதும் 'ஒன் டிராக் மைண்ட்' நினைவுக்கு வரும். வேண்டாம். ஆங்கிலத்தில் அதைப் பெரும்பாலும் எப்போதும் 'அதே' நினைப்பில் இருப்பவரைக் கேலி செய்யத்தான் சொல்வார்கள். மேலாளருக்கு அது தேவையா? பிரிட்டிஷ் வாசகர் என்றால் 'பிளிங்கர்ட்' கச்சிதம்: பக்கவாட்டில் பார்க்காதபடி குதிரைக்குக் கட்டும் கண்பட்டை. மற்றவர்களுக்கு 'ரிஜிட்' போதும், கொஞ்சம் சப்பென்று இருந்தாலும். 'பை த புக்', அதாவது விதிப்படியே நடப்பவர், சில இடங்களில் பாராட்டாகிவிடும், பார்த்துப் போடுங்கள்.

இன்னொன்று. 'பிட்டோலாடு'வை அடுத்து 'எம்' என்ற சொல்லும் அதன்பின் படிப்பு, கால்பந்து என்று ஏதாவதும் வந்தால் அர்த்தமே வேறு: அதிலேயே மூழ்கிக் கிடக்கிறார். அங்கே 'அப்செஸ்டு' போடுங்கள்.

ஆங்கிலத்திலிருந்து திரும்பப் போகும்போதும் கவனம் வேண்டும். உளவியல் அறிக்கையில் வரும் 'ரிஜிட் திங்கிங்'கை 'பிட்டோலாடு' ஆக்கினால் நோயாளியைத் திட்டியதாகிவிடும். 'பென்சமென்டு ஹிஜிடு' என்றே எழுதுங்கள். அசைக்க முடியாத பட்ஜெட், விதிமுறை என்றால் பிரேசில்காரர்கள் 'என்ஜெசாடு' என்பார்கள், மாவுக்கட்டு போட்டது என்று. பிடிவாதக்காரருக்கு மட்டும் 'கபேசா துரா'. அகராதியே வேண்டாம், கெட்டித் தலை!