வேலைக்கு நடுவே படிப்பவர்களும் இணையவழிப் பாடத்திட்டமும்: கேள்வி பதில்

வயது வந்தோருக்கு இணையவழியில் பாடம் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவாக இருந்தவற்றுக்கு இங்கே பதிலளித்துள்ளேன்.

கேள்வி: இணையவழியில் கணக்குப்பதிவியல் கற்பிக்கிறேன். முதல் வாரம் வருபவர்களில் பாதிப்பேர்கூட நான்காம் வாரத்தில் இருப்பதில்லை. இவர்களுக்கு ஊக்கமூட்டுவது எப்படி?

பதில்: ஊக்கம் இல்லாத ஒருவர், நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு இரவில் பணம் கட்டிப் படிக்க வரமாட்டார். அவர் ஊக்கத்தோடுதான் வந்தார். அது எந்த இடத்தில் வற்றியது என்பதைத்தான் நாம் தேட வேண்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் பட்ரீசியா கிராஸ் 1981இல், வயது வந்தோர் கல்விக்கு நேரும் தடைகளை மூன்றாக வகுத்தார்: நேரமின்மை, குடும்பப் பொறுப்பு போன்ற வாழ்க்கைச் சூழல் சார்ந்தவை; வகுப்பு நேரம், கெடு, பதிவு நடைமுறை போன்ற நிறுவனம் சார்ந்தவை; ‘இந்த வயதில் எனக்கு இது வருமா’ என்பது போன்ற மனநிலை சார்ந்தவை. முதல் வகையை ஆசிரியரால் மாற்ற இயலாது. இரண்டாம் வகை பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது, ஆனாலும் அதைத்தான் கடைசியாகக் கவனிக்கிறோம்.

ஒரு வாரம் தவறவிட்டவர் மீண்டும் வந்து சேர வழி இல்லாத பாடத்திட்டம், ஆள்களைத் தானே வெளியேற்றிவிடும். ஆகவே நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் புதிய பாடம் எதுவும் வைக்காமல், விடுபட்டதை முடிப்பதற்கென்றே ஒதுக்குங்கள். நின்றுவிட்டவர்களுக்கு எழுதும்போது ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதைவிட ‘எந்தப் பகுதியோடு நின்றீர்கள்’ என்று கேட்பது நல்லது; முன்னதில் குற்றச்சாட்டின் தொனி இருக்கிறது, பின்னதற்கு வரும் பதிலோ உங்கள் பாடத்தைத் திருத்த உதவும்.

கேள்வி: பாடநூலின் அத்தியாய வரிசையிலேயே திட்டமிடுகிறேன். அது போதாதா, ஐயா?

பதில்: பாடநூல் வரிசை துறையின் ஒழுங்கைக் காட்டுகிறது, உங்கள் மாணவரோ நாளை அலுவலகத்தில் தம் மேசைக்கு வரப்போகும் வேலையை நினைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். வயது வந்தோர் ஒரு பாடத்தை எதற்காகக் கற்கிறோம் என்பதை முதலில் அறிய விரும்புகிறார்கள் என்றும், பாடப்பிரிவுகளைச் சுற்றி அல்லாமல் தீர்க்க வேண்டிய சிக்கல்களைச் சுற்றியே கற்க விழைகிறார்கள் என்றும் வயது வந்தோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்தினார். (குழந்தைகளும் அப்படித்தானே என்ற விமரிசனம் எழுந்தது, அது நியாயமானது என்றே நானும் கருதுகிறேன்.)

எனவே முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கல்வியியலாளர்கள் விக்கின்ஸ், மெக்டை இருவரும் 1998இல் விளக்கிய முறை இது: கற்பவர் இறுதியில் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்று முதலில் முடிவு செய்வது, அதை அவர் அடைந்துவிட்டார் என்பதற்கு எது சான்று என்று அடுத்துத் தீர்மானிப்பது, பாடத்தை அதன் பிறகே எழுதுவது. ‘வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைப் புரிந்துகொள்வர்’ என்பது பயன்படாத குறிக்கோள். ‘ஒரு மாத வங்கி அறிக்கையையும் ரொக்க ஏட்டையும் கொடுத்தால், வேறுபாடுகளைக் கண்டறிந்து பட்டியல் தயாரிப்பர்’ என்று எழுதினால், என்ன பயிற்சி தேவை என்பது உடனே தெளிவாகிவிடும். முதலில் முழுமையாகத் தீர்த்த ஒரு மாதிரியைக் காட்டுங்கள். அடுத்து, பாதி தீர்த்த ஒன்றை அவர்களே முடிக்கட்டும். பிறகு முழுவதையும் தனியே செய்யட்டும். புதியவர்களுக்கு இந்த வரிசை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துச் சிந்திக்க வேண்டிய சுமையைக் குறைக்கும் என்பது கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் வழிவந்த ஆய்வுகள் காட்டும் முடிவு. ஆனால் ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்களுக்கு அதே மாதிரிகள் இடையூறாகவும் ஆகலாம். வயது வந்தோர் வகுப்பில் இரு வகையினரும் இருப்பார்கள் என்பதால், தொடக்கத்தில் ஒரு சிறு சோதனை வைத்து, தேறியவர்கள் நேராக இறுதிப் பயிற்சிக்குச் செல்ல வழிவிடுங்கள்.

கேள்வி: காணொளிப் பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஏறத்தாழ 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீண்டிருந்தாலும் பார்வையாளர்கள் அதில் செலவிடும் இடைநிலை நேரம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) 6 நிமிடத்தைத் தாண்டுவதில்லை என்று கண்டது. அது பார்த்த நேரத்தை அளந்ததே தவிரக் கற்றதை அளக்கவில்லை. ஆகவே கடிகாரத்தைப் பார்த்து வெட்டாமல், ஒரு கருத்து முடியும் இடத்தில் நிறுத்தி, அங்கே ஒரு கேள்வியை வையுங்கள்.

கேள்வி: தேர்வு என்றாலே பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். விட்டுவிடலாமா?

பதில்: மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள், கேள்விகளை விடாதீர்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், 5 நிமிடம் கழித்துப் பார்த்தபோது பாடத்தைத் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தனர். ஒரு வாரம் கழித்தோ, நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களை முந்திவிட்டனர். வகுப்பின் தொடக்கத்தில் சென்ற வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகள் போதும். விடைகளை அவரவர் மட்டுமே பார்க்கும்படி செய்துவிட்டால் முகச்சுளிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

கேள்வி: புள்ளிகள், பதக்கங்கள், தரவரிசைப் பட்டியல் பயன்தருமா?

பதில்: தரவரிசை வேண்டாம். அது முதல் சிலரை மகிழ்வித்து மற்றவர்களைச் சோர்வடையச் செய்யும். எதிர்பார்த்துப் பெறும் பரிசுகள் உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கக்கூடும் என்பதை, உளவியலாளர்கள் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் காட்டினர். ‘உங்கள் இரண்டாம் பதிவு சரி, நான்காவதில் பற்றும் வரவும் இடம் மாறியுள்ளன’ என்ற குறிப்பு எந்தப் பதக்கத்தையும்விட மேலானது.

கேள்வி: நேரலையில் எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டு மௌனமாக இருக்கிறார்களே?

பதில்: கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அருகில் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கலாம். ‘ஏதேனும் ஐயம் உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் மௌனம்தான் பதிலாக வரும். ஒரு கணக்கைக் கொடுத்து விடையை அரட்டைப் பெட்டியில் எழுதச் சொல்லுங்கள். அல்லது மூவர் மூவராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விடையுடன் திரும்பி வரச் சொல்லுங்கள்.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் கொடுக்கலாம்?

பதில்: முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கு, வகுப்பு நேரமும் சேர்த்து வாரத்துக்கு 4 மணி நேரத்தைத் தாண்டாமல் திட்டமிடுவது என் வழக்கம். பயிற்சியை நீங்களே செய்துபார்த்து, ஆன நேரத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த மணிக்கணக்கைச் சேர்க்கை அறிவிப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.